பெரியத்தான் வென்ற கிழமை

கிணற்றடியில் குந்தியிருந்து கோயில் விளக்குகளைப் பழப்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ராஜராஜேஸ்வரி. ஒரு கையில் தேங்காய்த்தும்பு, மற்றக் கையில் தூண்டாமணி விளக்கின் தட்டு. ஆள் பிடித்து மினுக்குவிக்கலாம் என்று பரிபாலனசபைக்காரர் ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். அவள் விடமாட்டாள். கலியாணம் கட்டி நயினாதீவுக்கு வந்த வருடத்திலிருந்து, பிள்ளையார் கோயில் கொடியேற்றத்துக்கு முதல்நாள் இது அவளுடைய வேலை. வேறு ஆள் தேய்த்தால் மூலைகளில் பச்சை பிடித்தபடி கிடக்கும், தீபாராதனைக்கு எடுக்கும்போது குருக்களின் முகம் சுருங்கும். அந்தக் குருக்கள் அவளுடைய கணவர் மயூரநாதர்.

போன் உடுப்புத் தோய்க்கிற கல்லின்மேல், ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றிக் கிடந்தது. அதிலிருந்து சீட்டுக் கலைக்கிற சத்தம் வந்தது. சளசளவென்று கலைத்து, டக்கென்று கட்டை மேசையில் வைக்கிற சத்தம். பைக்குள்ளால் எழுத்துத் தெரிந்தது: சண்முகம் உங்களை மேசைக்கு அழைக்கிறார்.

அவளுடைய கை நின்றது.

பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. கனடாவில் இருக்கிற கணவரின் தமையன் சீட்டாடக் கூப்பிடுகிறார். ஒரு வருடத்துக்கு மேலாகப் பின்னேரங்களில் நடக்கிற காரியம்தான். ஆனால் இந்தக் கிழமை அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் பயந்தாள். ஏனென்றால் பெரியத்தான் வெல்லத் தொடங்கியிருந்தார்.

இது விளங்கவேண்டுமென்றால் அந்த விளையாட்டையும் சொல்லவேண்டும், அந்த மனிதரையும் சொல்லவேண்டும்.

அந்த வருடம் தீவில் கேம் இல்லாத போன் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் லோஞ்சுக்கு நிற்கிற சனத்தைப் பார்த்தால் தெரியும், நிமிர்ந்த தலை ஒன்றும் இராது. கடற்தொழிலுக்குப் போகிற பெடியள் சுடுகிற விளையாட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மோட்டார்சைக்கிள் ஓட்டம். வயது வந்த பெண்களுக்கு ஒரே நிறத்து இனிப்புகளைச் சேர்த்து உடைக்கிறது. நடுக்கடலில் சிக்னல் போனாலும் அது நிற்காது என்பதாலேயே அதற்கு இங்கே மதிப்பு. பக்கத்து வளவுச் சுலோஜனா ஒரு சமையல் விளையாட்டில் கிடந்தாள். நாள் முழுக்கக் குசினியில் நின்றுவிட்டு அதிலும் போய்ச் சமைக்கிறாயே என்று கேட்டால், "அதில சமைச்சால் உப்புக் காணாதெண்டு ஒரு நாயும் சொல்லாது, அம்மா" என்பாள்.

பிறகு வந்ததுதான் நாலுகை. கனடாவில் யாரோ எங்கள் பக்கத்துப் பெடியன் செய்ததாம். முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டத்தை அப்படியே போனுக்குள் இறக்கியிருந்தான். அது வந்த கையோடு மற்றதெல்லாம் பழசாய்ப் போயிற்று. சீட்டு விழும்போது "கலாவரை" என்றும் "இஸ்கோப்பன்" என்றும் சீட்டின் இனத்தை யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவரின் குரல் சொல்லும். லண்டனில் ஒருவர், சுவிசில் ஒருவர், தீவில் இரண்டு பேர் என்று ஒரே மேசையில் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிழையாகப் போட்டவரின் முகத்தில் தக்காளிப்பழம் எறியலாம். இருபது வருடமாகக் கதைபேச்சில்லாத சகோதரங்கள்கூட அந்தத் தக்காளியில் ஒற்றுமையானார்கள் என்று சுலோஜனா சொல்வாள்.

யாழ்ப்பாணத்தில் படிக்கிற மகள் சர்மிதாதான் தாயின் போனில் அதைப் போட்டுக்கொடுத்தாள். போட்டுத் தரச்சொன்னவர் பெரியத்தான்.

சண்முகரத்தினக் குருக்கள். மயூரநாதருக்கு நேர் மூத்தவர். முந்தி அந்த வீட்டில் திருவிழா முடிந்த மறுநாள் ஆண்கள் கூடிச் சீட்டாடுவார்கள். பெண்கள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகவேண்டியது. புதுப் பெண்ணாக வந்த ராஜராஜேஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். ஒருநாள் ஒரு ஆள் குறைந்துபோக, பெரியத்தான் நிமிர்ந்து பார்த்து, "நீர் கனநேரமாப் பின்னால நிண்டு பல்லைக் கடிக்கிறீர். இரும், எனக்குப் பாட்னராய் இரும்" என்றார். மாமியாரின் முகம் போன போக்கைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அன்றும் தோற்றார்கள்.

எப்போதும் தோற்பார்கள். முந்நூற்றிநாலில் முதலில் ஆளுக்கு நாலு சீட்டுத்தான் வரும். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு புள்ளி எடுப்பேன் என்று கேட்கவேண்டும். கூடக் கேட்டவர், மற்ற இனங்களை வெட்டுகிற துரும்பை மூடி வைத்த பிறகுதான் மற்ற நாலு சீட்டும் வரும். கையில் ஒன்றுக்கும் உதவாத ஏழும் எட்டுமாக வைத்துக்கொண்டு பெரியத்தான் கேட்பார். எதிராளி கேட்டால் அதற்குமேல் கேட்பார். பாட்னரே கேட்டாலும் அதற்கும் மேல் கேட்பார். "கையில இருக்கிறதைப் பார்த்து ஆரும் கேப்பினம். வரப்போறதைக் கேக்கிறதுதான் ஆட்டம்" என்பார். வரப்போவது வராது. "பெரியத்தான், உங்களோட இருந்தால் பிள்ளையாரும் தோப்பார்" என்று அவள் சொன்னால், "அவர் ஆனைத்தலையை வைச்சுக்கொண்டு என்ன கேள்வி கேக்கப்போறார்?" என்று திருப்பித் தருவார்.

கனடாவுக்குப் போய் அங்கேயும் ஒரு கோயிலில் இருந்தார். சலரோகம் வந்து சிறுநீரகம் இரண்டும் போயிற்று. கிழமையில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினோடு படுத்திருக்கவேண்டும். அங்கே காலமை, இங்கே பின்னேரம். "ஒரு கையைக் கட்டிப்போடுறாங்கள், ராசேஸ். மற்றக் கை சும்மா கிடக்கு. அந்தக் கைக்கு ஒரு வேலை தாரும்" என்று சொல்லித்தான் ஆட்டம் தொடங்கியது; பிறகு மெஷின் இல்லாத நாட்களிலும் நடந்தது. அவருக்கு அந்த விளையாட்டு ஏன் பிடித்தது என்றால் அவ்வளவுதான். ஒற்றைக் கையால் ஆடலாம், ஊர்ச்சனத்தோடு சண்டை பிடிக்கலாம், பக்கத்துக் கட்டிலைப் பார்க்காமல் இருக்கலாம்.

ஒவ்வொரு பின்னேரமும் தோற்றார்கள். ஒவ்வொரு பின்னேரமும் பூசைக்குப் புறப்படுகிற மயூரநாதர் வாசலில் நின்று, "இண்டைக்கு அண்ணா எவ்வளவுக்குத் தோத்தவர்?" என்று கேட்டுவிட்டுத்தான் படலையைத் திறப்பார்.

போன கிழமை முதல் தரம் வென்றபோது ராஜராஜேஸ்வரி உண்மையாகவே சந்தோசப்பட்டாள். மறுநாளும் வென்றார்கள். அதற்கு அடுத்த நாள் அவள் கவனித்தாள்: பெரியத்தான் கையில் நல்ல சீட்டு இருந்தால் மட்டும் கேட்கிறார். இல்லாவிட்டால் விடுகிறார். துரும்பை எண்ணி எண்ணிப் போடுகிறார். அவள் ஒரு சீட்டைப் பிழையாகப் போட்டாள், தக்காளி வரவில்லை. வருத்தக்காரர், களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

குருக்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. செத்தவீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, செத்தபோது தொடங்குகிறதில்லை. காதில் விழும்போது தொடங்குகிறது. தாய் தகப்பனோ கூடப்பிறந்ததோ போய்விட்டது என்று கேள்விப்பட்ட குருக்கள் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. ஆனால் கொடியேற்றத்தன்று மந்திரம் சொல்லிக் கையில் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரைக்கும் எந்தத் துடக்கும் அவரைத் தொடாது. ஆகையால் கொடியேற்றம் கிட்டும்போது உறவுக்குள் ஏதும் நடந்தால், சனம் வாயைக் கட்டிக்கொள்ளும். காப்பு ஏறட்டும், பிறகு சொல்லலாம். மயூரநாதருடைய தகப்பனாருக்கு அப்படித்தான் நடந்தது. தமக்கை அனலைதீவில் செத்துப்போனதை வீட்டுப் பெண்கள் எல்லாரும் அறிந்திருந்தும், அவருக்கு முன்னால் சிரித்துச் சிரித்துப் பலகாரம் சுட்டார்களாம்.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. காரைதீவுப் பக்கத்து உறவுக்காரர் ஒருவருக்கு, காப்புக் கட்டக் கொஞ்ச நேரம் முதல், விவரமில்லாத ஒருவன் ஓடிவந்து வாசலில் நின்றே சொல்லிவிட்டான். அவர் தர்ப்பையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வேறு ஐயர் வந்து கொடியேற்றினார். அடுத்த வருடமும் அந்த ஐயரே ஏற்றினார். பிறகு அந்தக் கோயில் அவருடையதாகிவிட்டது.

இங்கேயும் அப்படி ஒரு வேறு ஐயர் ஊர்காவற்றுறையில் ஆயத்தமாய் இருந்தார். சுவிசிலிருந்து வந்திருக்கிற சபைத் தலைவருக்கு அவரைத்தான் பிடிக்கும். குரல் நல்லதாம், வீடியோவுக்கு எடுப்பாம். மயூரநாதருக்குக் கொடியேற்றத்தைத் தவறவிட இந்த வருடம் இடமில்லை. அது ராஜராஜேஸ்வரிக்கும் தெரியும், கனடாவில் பெரியத்தானோடு இருக்கிற அவருடைய மகள் சிவானிக்கும் தெரியும்.

சிவானி கவனமான பிள்ளை. கணக்குப் படித்தவள். கையில் இருந்தால்தான் கேட்பாள்.

அந்த எண்ணம் வந்ததும் ராஜராஜேஸ்வரி தும்பை இறுக்கி அழுத்தித் தேய்த்தாள். சோளகக் காற்று கிணற்றுக்குள் இறங்கி ஊளையிட்டது. நான் எதையும் கேள்விப்படவில்லை, என்று தனக்குள் சொன்னாள். ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனிதர் சீட்டாட்டத்தில் வென்றால் அது செத்தவீட்டுச் செய்தியா?

ஆனால் இந்தக் கை கோயில் விளக்கைத் தொடுகிற கை. அதைப் பார்க்கவே பயமாயிருந்தது.

"ஐயரம்மா!" வேலிக்கு அங்கால் குரல் கேட்டது. சுலோஜனா தோரணத்துக்கு வெட்டின குருத்தோலையைத் தோளில் போட்டபடி, வேலியில் விட்டிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள். "போன் கத்துது, கேக்கேல்லையே? எனக்கும் வந்தது. மேசையில ரெண்டு கதிரை காலியாக் கிடக்கு. உங்கட பாட்னர் காவல் இருக்கிறார்."

"கை புளி, சுலோ."

"அதுக்கென்ன, கழுவுங்கோ. நாளைக்குத் தொடங்கினால் பத்து நாளைக்கு எங்க ஆடப்போறியள்?" ஓலையை நிலத்தில் போட்டுவிட்டுத் தன் போனை எடுத்தாள். "ஆனா ஒண்டு சொல்லுறன், உங்கட பெரியத்தானுக்கு என்னவோ புது மருந்து குடுக்கிறாங்கள். மூளை வேலை செய்யுது. நேற்று என்னையும் லண்டன் மேனுகாவையும் வைச்சு வாங்கினார். மனிசன் நாப்பது வருசமா நடிச்சவரோ?"

ராஜராஜேஸ்வரி சிரிக்கப் பார்த்தாள். கையை அலம்பி, சேலைத் தலைப்பில் துடைத்து, பையைப் பிரித்தாள். ஆடாமல் விட்டால் சந்தேகப்படுகிறாள் என்று அங்கே தெரிந்துவிடும் என்று ஒரு பயம். ஆடினால் இவளுக்கே தெரிந்துவிடும் என்று இன்னொரு பயம். முதல் பயத்துக்கே அவள் கீழ்ப்படிந்தாள்.

சீட்டு விழுந்தது. சண்முகம் நிதானமாகக் கேட்டார். துரும்பு கலாவரை. இரண்டு சுற்று நல்லாய்ப் போயிற்று. மூன்றாவதில் சண்முகம் இஸ்கோப்பன் ஜாக்கை இறக்கினார். அந்த ஆட்டத்தில் ஜாக்குக்கு மேலே சீட்டே இல்லை; பிடி அவர்களுடையதுதான். ராஜராஜேஸ்வரியின் கையில் இஸ்கோப்பன் இல்லை. வேறு எதையாவது போட்டிருக்கலாம். அவளுடைய விரல் கலாவரை ஒன்பதின்மேல் போய் நின்றது.

இதைச் செய்தால் பெரியத்தான் சும்மா இருக்கமாட்டார். ஒருதரம் தெரியாமல் அவருடைய ஜாக்கை வெட்டியதற்கு மெஷினில் கிடந்தபடியே தக்காளி மழை பொழிந்து, அது போதாமல் போன் எடுத்து, "நீர் எந்த ஊர்க்காரி? எங்கட ஊரில இப்பிடிச் செய்தால் பந்தியால எழுப்புவினம்" என்று ஏசினவர்.

எறியுங்கோ பெரியத்தான், என்று மனதுக்குள் கெஞ்சினாள். ஏசுங்கோ.

வெட்டினாள்.

"ஐயோ!" சுலோஜனா நெஞ்சில் கை வைத்தாள். "பாட்னரின்ர ஜாக்கையெல்லே வெட்டிப்போட்டியள்! உதுவும் பெரிய துரும்பால! இப்ப வரப்போகுது பாருங்கோ தக்காளி, முகத்தைப் பொத்துங்கோ!"

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பூ மெதுவாகப் பறந்து வந்து ராஜராஜேஸ்வரியின் பெயருக்கு மேலே விழுந்தது. பரவாயில்லை என்று சொல்ல நினைக்கிறவர்கள் எறிகிற பூ.

பிறகு எழுத்து வந்தது: சண்முகம் மேசையை விட்டு எழும்பிவிட்டார்.

சுலோஜனாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவள் தீவுக்காரி. கோயில் வீட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அவளுக்கு ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"காலமை நான் மரண அறிவித்தல் எல்லாம் பார்த்தனான், அம்மா," என்றாள் மெல்ல. "அதில அப்பிடி ஒண்டும்..."

"சுலோ!" ராஜராஜேஸ்வரியின் குரல் அவளுக்கே அந்நியமாய் வந்தது. "ஒண்டும் சொல்லாதேயும். இருக்கெண்டும் சொல்லாதேயும், இல்லையெண்டும் சொல்லாதேயும்."

சுலோஜனா போனை இடுப்பில் செருகினாள். ஓலையைத் தூக்கினாள். "நான் ஒண்டும் பார்க்கேல்லை, அம்மா," என்றாள். "நான் இஞ்ச வரவும் இல்லை." பொட்டுக்குள்ளால் குனிந்து போனாள். போகிறபோது ஓலை வேலியில் இழுபட்ட சத்தம் கனநேரம் கேட்டதுபோலிருந்தது.

ராஜராஜேஸ்வரி கல்லில் இருந்தாள். அழுதால் அது தெரிந்ததாகிவிடும். தன்னைச் சீட்டாட இருத்திய மனிதருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட ஏலாது. விட்டால் இந்த விளக்குகளைத் தொடமுடியாது, நாளைக்கு நைவேத்தியத்துக்கு அரிசி களையமுடியாது, புருஷனின் முகத்தைப் பார்க்கமுடியாது. உயிரோடு இருந்தால்? கையில் ஊசியோடு நித்திரையாகி, தகப்பன் தோற்கக்கூடாதென்று மகள் வாங்கி ஆடுகிறாளோ என்னவோ. அப்படியும் இருக்கலாம். அந்த இருக்கலாமை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது வழுக்கியது.

அப்போது போன் அடித்தது. சிவானி.

சீட்டு அழைப்பில்லை, மெய்யான அழைப்பு. கல்லின்மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. எடுத்தால் "சித்தி" என்பாள். சித்திக்குப் பிறகு என்ன சொல்லுவாள்? பூ எறிந்தது பிழையாய்ப் போயிற்று என்று தெரிந்து, ஒளிக்க ஏலாமல், சொல்லி மனம் ஆற எடுக்கிறாளோ? அவளும் பிள்ளைதானே. அங்கே தனியே எத்தனை நாளாக நெஞ்சுக்குள் வைத்திருக்கிறாளோ. ஒரு வாய் ஆறுதல் சொல்ல இவளைத் தவிர யார்?

ராஜராஜேஸ்வரி எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. பிறகு ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. சின்னப் பதிவு. அதைத் தொட்டால் பேசும். அவள் அதைத் தொடாமல், பாம்புக்குப் பக்கத்தில் கை கொண்டுபோகிறமாதிரிக் கொண்டுபோய்ப் போனை நிறுத்தினாள்.

மிச்ச விளக்குகளைத் தேய்த்தாள். கழுவினாள். துணியால் ஒற்றினாள். பொழுது சாய்ந்து கோயில் ஒலிபெருக்கியைப் பரீட்சித்துப் பார்க்கிற சத்தம் வந்தது. "ஹலோ, ஹலோ" என்று யாரோ கத்த, அவள் திடுக்கிட்டாள். ஊருக்கே கேட்கிற எந்தக் குரலிலும் அந்தப் பெயர் வந்துவிடக்கூடும். காற்றில் வந்துவிடக்கூடும்.

விளக்குகளை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு சாமியறைக்குள் போனாள். மயூரநாதர் தோய்ந்துவிட்டு ஈரத்தலையோடு இருந்து, சாயந்தரக் கிரியைக்குத் தர்ப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை முறுக்குவார், திருப்திப்படாமல் அவிழ்ப்பார். இந்தக் கிழமை முழுவதும் அவர் அதிகம் கதைக்கவில்லை. விரதகாலத்தில் அப்படித்தான் என்று அவள் விட்டுவிட்டாள். இப்போதுதான் அவளுக்குப் பட்டது. வென்ற அன்று, "என்ன, வெண்டவரோ?" என்று கேட்டு ஆச்சரியப்பட்டார். மறுநாள் வென்றதையும் கேட்டார். அதன் பிறகு இன்றுவரை வாசலில் நின்று கேட்கவேயில்லை.

அவள் விளக்குகளை வரிசையாக வைத்தாள். ஒன்று சரிந்து மற்றதில் முட்டியது.

"போன் அடிச்சுக்கொண்டிருந்தது," என்றார்.

"ஓம்."

"ஆர்?"

"சிவானி."

தர்ப்பை முறுக்கின விரல் நின்றது. "என்னவாம்?"

"நான் எடுக்கேல்லை. கை புளி."

"பேந்து எடுத்துக் கதைக்கலாந்தானே?"

"போனில சார்ஜ் இல்லை."

அவர் அவளைப் பார்த்தார். அண்ணரின் கண் அவருக்கும். கீழ் இமை கொஞ்சம் தொங்கின கண். அதைப் பார்க்க ஏலாமல் அவள் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த விளக்கைத் துடைத்தாள்.

"விடியக் காப்பு," என்றார் அவர். "நாளைக்குப் பிறகு ஒண்டுமில்லை."

"ஓம்."

"ராசேஸ்." அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது குறைவு. "நான் ஒண்டு கேக்கிறன். உள்ளதைச் சொல்லும். கனடாவால நீர் ஏதும் கேள்விப்பட்டனீரோ?"

வெளியில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் தொடங்கிப் பாதியில் அறுந்தது. இல்லை என்றால் அது உண்மை. ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அவள் வாயால் வருகிற இல்லையை அவர் நம்பிக் காப்புக் கட்டுவார், நம்பாமலும் கட்டுவார், இரண்டையும் அவள் மிச்சமுள்ள காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஓம் என்றால் அவர் தர்ப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்புவார். இரண்டையும் சொல்லாவிட்டால் அவர் காதில் ஒன்றும் விழுந்ததில்லை.

அவர் காத்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து ஒரு துளி வடிந்து தோளில் விழுந்தது.

ராஜராஜேஸ்வரி துணியை மடித்துத் தோளில் போட்டாள். தூண்டாமணி விளக்கைச் சுவரோரமாக நகர்த்தி, ஆடாமல் இருக்கிறதா என்று ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்த தலை நிமிராமல் அவரைத் தாண்டிக் கதவடிக்கு வந்து, நிலைப்படியைக் கடந்து வெளியில் போனாள்.